மூன்று மாதம் தள்ளி வரும் விலை

மார்ச் 4

எங்கள் பாட்டில் ஆலைக்கான எரிவாயு ஒப்பந்தம் கையெழுத்தானது. முந்தைய மூன்று மாதக் கச்சா எண்ணெய் விலையின் சராசரியை ஒட்டி எங்கள் வாயு விலை ஏறும், இறங்கும். எண்ணெய் விலை இப்போது படுத்துக் கிடக்கிறது. "விலைக்கு உச்சவரம்பு வேண்டாம்" என்று சொன்னது நான்தான். அதற்காக வாயுக் கம்பெனிக்காரர்கள் விலையில் கொஞ்சம் குறைத்தார்கள். முதலாளி, "கெட்டிக்காரிம்மா நீ" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 19

கடலில் எங்கோ எண்ணெய்க் கப்பல்கள் முடங்கிவிட்டன. ஒரே வாரத்தில் எண்ணெய் எகிறிவிட்டது. எங்கள் பில்லோ போன மாதத்தைவிடக் குறைவு. ஆபீஸில் எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். நான் ஜூலை பில்லைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

மே 2

இன்னும் ஏறுகிறது.

மே 11

அண்ணன்தான் உலை மேஸ்திரி. பாட்டிலுக்குக் கண்ணாடி உருக்கும் எங்கள் உலை பதினோரு வருடமாக அணைந்ததில்லை. ஆறவிட்டால் செங்கல் விரிசல் விட்டு உலையே போய்விடும். சாப்பிடும்போது கேட்டான்:

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"எண்ணெய் விலை ஏறுது."

"நாம எரிக்கிறது கேஸுதானே. எண்ணெய் ஏறினா உனக்கென்ன?"

ஒப்பந்தத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? மானம் போய்விடும் என்றா? மென்று விழுங்கிவிட்டேன்.

ஜூன் 6

கடல் தாண்டி ஒரு பாட்டில் ஆலையில் இதே வேலை பார்க்கும், என்னோடு படித்த நெட்டையனிடம் பேசினேன். "எங்க ஊர்ல கேஸுக்குன்னு தனிச் சந்தை. குளிர்காலம் சப்புன்னு போச்சு, வீடுகளைச் சூடாக்கக் கேஸ் செலவாகலை, மிஞ்சிக் கிடக்கு, விலை சரிஞ்சுடுச்சு. எண்ணெய் எக்கேடு கெட்டா என்ன?" என்று சிரித்தான். அதே வாயுதான் — அங்கே இறங்குகிறது, இங்கே ஏறப்போகிறது.

ஜூலை 3

வந்துவிட்டது. பில் ஒன்றரை மடங்கு. பாட்டில் விலையை ஏற்றியாக வேண்டும். முதலாளி பில்லை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார், திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 28

எங்களிடம் பாதி பாட்டில் வாங்கிய கம்பெனி போய்விட்டது. எங்கே என்று விசாரித்தேன். நெட்டையன் ஆலைக்கு.

ஆகஸ்ட் 9

உலையை நிறுத்துவதாக முடிவு. அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மே மாசமே சொல்லியிருக்கலாமேடி. உற்பத்தியைக் குறைச்சு, கேஸ் செலவை மிச்சம் பிடிச்சு, உலை ஆறாம சூட்டை மட்டுமாவது காப்பாத்தியிருப்பேன்."

செப்டம்பர் 2

எண்ணெய் விலை இன்று விழுந்தது. டிசம்பரில் எங்களுக்கு வாயு மலிவாகக் கிடைக்கும்.

அண்ணனைத் தேடிப் போனேன். அணைந்துபோன உலையின் சுவரில் வெறுங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தான். எடுக்கவே இல்லை.