வாத்தியார் பெயரில் ஒரு பாடு

பழவேற்காடு,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய வேதாசலம் அண்ணன் அவர்களுக்கு,

அங்கமுத்து வணக்கத்துடன் எழுதுவது. கோவைக் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே அங்காளம்மாளும் நானும் நலம். அந்தச் சொல்லில் எவ்வளவு உண்மை என்பது போகப் போக உங்களுக்கே தெரியும்.

'பொறுமை' என்ற உங்கள் கவிதை கிடைத்தது. அபிப்பிராயத்தை ஒளிக்காமல் எழுதச் சொல்லியிருந்தீர்கள். எழுதி எழுதிக் கிழித்தேன். கிழித்த தாள்களிலெல்லாம் 'மிக அருமை' என்றே தொடங்கியிருந்தேன். இதில் அப்படித் தொடங்கவில்லை.

முதலில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. விதை மண்ணுக்குள் காத்திருக்கிறது, பூநாரை ஒற்றைக் காலில் காத்திருக்கிறது, காத்திருப்பவர் மடியை ஏரி நிரப்பும் என்ற வரிகளைப் பெரிய தாளில் நிறுத்தி எழுதி, கங்கையம்மன் கோயில் பக்கத்துப் பொதுக்கூடத்தின் சுவரில் ஒட்டினேன். வினை அங்கேதான் தொடங்கியது.

ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று நாங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதைப் பாடு என்போம். நீங்கள் இங்கே வேலை பார்த்தபோது கேட்டிருப்பீர்கள். கல்யாணமான ஆண்களுக்கு மட்டுமே பாடு உண்டு. முகத்துவாரத்தில் ஏரி என் மகன் வினோத்தைக் கொண்டுபோனபின் அவன் முறை நின்றுவிட்டது. மருமகள் சுதா அவனோடு படகில் போய் வலை கட்டிப் பழகியவள். இந்தத் தடவையும் பாடு கிடைக்காவிட்டால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு எளாவூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். அங்காளம்மாள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் சுதா எழுந்து கேட்டாள். தலைவர் பூபதி நம்மிடம் படித்தவன்தான். "இன்னாம்மா அவசரம்? பொறுமையா இரு. உம் பொண்ணுக்குக் கண்ணாலம் ஆவட்டும், மருமவன் வந்து வாங்கிக்குவான்" என்றான். தேவதர்ஷினி ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள், அண்ணா.

சுதா விடவில்லை. "அவளுக்கு இன்னும் பால் பல்லே விழல. அதுவரைக்கும் ஏரிக் காத்தத் துன்னுட்டுக் கெடக்கணுமா நாங்க?" என்று கேட்டாள். பூபதி சுவரைக் காட்டினான். "உங்க மாமனாரே எழுதி ஒட்டிக்கிறாரு, படிச்சுக்கோ. வாத்தியாரு தப்பா எழுதுவாரா?"

அவள் படித்தாள். கடைசி வரிவரை படித்தாள். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. சுவர்ப்பக்கம் போய், நான்கு மூலையிலும் பசையைச் சுரண்டி, தாள் கிழியாமல் எடுத்து மடித்தேன். கோபத்திலும் என் சுபாவம் போகவில்லை. பிறகு, "பாடு கல்யாணமான ஆம்பளைக்குத்தானே? நான் ஆம்பளை. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. என் பேரைப் போடு பூபதி" என்றேன்.

கூடமே சிரித்தது. "வாத்தியாரே, போர்டுல மீன் வரைஞ்சு விப்பியா?" என்றான் குப்பன். பாடு வாங்கினால் நானே படகில் இருக்க வேண்டும் என்று பூபதி சொன்னான். இருப்பேன் என்றேன். "வலையை யார் வலிக்கணும்னு நம்ம ஊர்ல முறை இருக்குதா? இருந்தா சொல்லு" என்றும் கேட்டேன். கடைசியில் நாளைக் காலை ஒரு பாடு கொடுத்திருக்கிறார்கள். பாதியில் நான் கரைக்கு விடச் சொன்னால் அதோடு சரி. சொல்லாவிட்டால் முறை என் பெயரில் தொடரும். அங்காளம்மாள் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறாள். "படகப் பாத்தாலே வாந்தி எடுக்கிற மனுசன்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பொய்யில்லை.

இனி உங்கள் கவிதை. நான் அறிந்தது கொஞ்சம், தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் காட்டூரில் நெல்லோடு வளர்ந்தவர். நெல் காத்திருந்தால் விளையும். ஏரியில் இறால் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போனால் போனதுதான், யாருக்காகவும் திரும்பாது. பூநாரை காத்து நிற்பது தூங்கும்போது மட்டும். பசித்தால் காலால் சேற்றை மிதித்துக் கலக்கி அல்லவா தின்கிறது? காத்திருப்பவர் மடியை ஏரி நிரப்பும் என்கிறீர்கள். இங்கே பொறுத்திரு என்று சொல்பவன் எவனும் தான் பொறுத்திருக்கவில்லை. ஏரி ஒருவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டதைப் பற்றி உங்கள் கவிதையில் ஒரு வரிகூட இல்லை. அதை எழுதாதவரை அந்தத் தாளை மறுபடி ஒட்ட மாட்டேன். உங்களிடம் இப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க எண்ணியிருந்தேன். இப்போது கேட்கத் தோன்றவில்லை.

படகு வினோத் போன அதே படகுதான். உடைந்த பலகையை மாற்றியாகிவிட்டது. புதுப் பலகையில்தான் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறாள் சுதா.

உங்கள் ஆசி எனக்கு வேண்டாம், அவள் கைக்குக் கொடுங்கள். எனக்காக ஒன்றே ஒன்று வேண்டிக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தைக் கடக்கிற வரைக்கும் அவள் திரும்பி என் முகத்தைப் பார்க்காதிருக்க வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
அங்கமுத்து