வெடிப்பில் விழுந்த பந்து

கோவில்பட்டி
12-4-1998

அன்புத் தங்கச்சி முத்துச்செல்விக்கு அண்ணன் ராமசுப்பு எழுதுதது. இங்கன நானும் உன் மதினி வேலுத்தாயும் சுகம். அங்கன நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானன்னு எழுது.

சேதி என்னன்னா, சின்னப்பிள்ளையில நாம அட்டையில ஹாக்கி விளையாடுவோம்லா, அதைப் பெட்டியில போட்டு விக்கலாம்னு இறங்கிட்டேன். நான் வேலை பாக்குத பிரஸ்ல தீப்பெட்டி லேபிள் அடிச்சு மிஞ்சுத அட்டை சும்மாதான் கெடக்கு. முதலாளி எடுத்துக்கிடச் சொல்லிட்டாரு. காய்க்குச் சட்டைப் பொத்தான், பந்துக்குப் பாசிமணி. மதுரையில ஒரு பொம்மைக்கடை அண்ணாச்சி ஐந்நூறு பெட்டி எடுக்கேன்னிருக்காரு.

எல்லாம் சரி, விதி எழுத உக்காந்தா மண்டை காயுது. வெடிப்புன்னு கறுப்புக் கட்டம் உண்டுல்லா, அதுல பந்து விழுந்தா தாயம் போட்டுத்தான் எடுக்கணும். யாரு முதல்ல கட்டையை உருட்டணும்? அடிச்சவனா, எதிராளியா? நாலு நாளா யோசிக்கேன், பிடிபடலை. உனக்கு ஞாபகம் இருந்தா உடனே எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்குத அண்ணன்,
ராமசுப்பு


தாராவி, பம்பாய்
24-4-1998

அன்புள்ள அண்ணனுக்கு, செல்வி எழுதுதேன்.

எட்டு மாசம் கழிச்சு உன் கையெழுத்தைப் பாத்ததும் ஊர்ல யாருக்கு என்னமோன்னு பயந்துக்கிட்டே பிரிச்சேன். பாத்தா வெடிப்புல பந்து. நல்லா இருக்கு போ. போன தடவை எனக்கு டைபாய்டுன்னு எழுதினேனே, அதைப் பத்தி ஒரு வரி கேட்டியா?

அடிச்சவன் கடைசியிலதான் உருட்டணும். பந்தை உள்ள தள்ளினதே அவன்தான, அவனுக்கு எதுக்கு முதல் வாய்ப்பு? எதிராளி ஒரு தடவை, அவன் ஒரு தடவை, மாறி மாறி. பிறகு, கோலுக்கு முன்னால இருக்க டி வட்டத்துல வெடிப்பு கெடையாது. அதையும் மறந்திருப்ப, எழுதிக்கோ.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்னு எங்க வீட்டுக்காரவிய கேட்டாவ. நான்தான கண்டுபிடிச்சேன்னு சொன்னேன். சிரிக்காவ. அண்ணே, பெட்டிமேல யார் பேரு போடப்போற? என் பேரை அச்சுல பாக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு. சொல்லிட்டேன்.

மதினியைக் கேட்டதாச் சொல்லு.
செல்வி


கோவில்பட்டி
10-5-1998

அன்புத் தங்கச்சிக்கு,

காய்ச்சலைக் கேக்காம விட்டது தப்புதான். இப்ப உடம்பு தேறிட்டியா?

மதுரை அண்ணாச்சி மாதிரிப் பெட்டியைப் பாத்துட்டு, "ஹாக்கி மைதானத்துல எதுக்கு வெடிப்பு? டிவியில பாக்கலையா, பச்சை விரிப்புல்லா போட்டிருக்கான். அதை எடுத்திரும்"னுட்டாரு. எங்க ஊரு கரிசல் மண்ணு, கோடையில கை போவுத அளவுக்கு வெடிக்கும்னு சொல்லிப் பாத்தேன். அவருக்கு விளங்கலை. சரின்னு வெடிப்பை எடுத்துட்டு, பச்சையா ஒண்ணு வரைஞ்சு உன் மதினியோட உக்காந்தேன். பத்து நிமிஷத்துல பதினாலு கோல். "இதுக்குப் பேசாம தாயமே விளையாடலாம்"னு எந்திரிச்சுப் போயிட்டா. வெடிப்பு இருந்தா கடை போவுது. இல்லைன்னா விளையாட்டே போவுது. எனக்கு ஒண்ணும் ஓடலை.

பேரு விஷயம். நீ கண்டுபிடிச்சதா எழுதியிருக்க. ஹாக்கி ஆடினது நான்லா? கால் முறிஞ்சு கெடக்கும்போது நான் யோசிச்சு உனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரிதான் எனக்கு ஞாபகம். நீ கூட ஆடின. அப்படித்தான? கோவிச்சுக்கிடாம எழுது.

அண்ணன்


தாராவி
22-5-1998

அண்ணனுக்கு,

கோவிச்சுக்கிடாம எழுதுன்னா எப்படி எழுத? ரெண்டு நாள் அழுதேன்.

மாவுக்கட்டுப் போட்டுப் பத்து நாள் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்த. சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம். அம்மா தீப்பெட்டி ஒட்ட வாங்கியாந்த லேபிள் தாளோட பின்பக்கம் கோடு போட்டு எடுத்தாந்தது நான். டி எது, பெனால்டி கார்னர் எதுன்னு நீ சொன்ன, இல்லைன்னு சொல்லலை. ஆனா வெடிப்பு என்னுது. என்னை மைதானத்துக்குள்ள விட்டியளா? காம்பவுண்டு சுவத்துமேல உக்காந்து பாத்தவ நான். அங்கன இருந்து பாத்தா கோலா தெரிஞ்சுது? பந்து வெடிப்புக்குள்ள போயிரும், இருபத்திரண்டு பேரும் குனிஞ்சு கம்பை விட்டு நோண்டுவிய. எனக்கு அதுதான் ஆட்டம். ஆடினவனுக்கு வெடிப்பு தொல்லை. உன் காலை மடக்கினதே அதுதான். அதைப் போயி நீ எதுக்கு அட்டையில வரையப்போற?

இவ்வளவும் எழுதிட்டு, பத்தொம்பது வருசமாச்சே, ஒருவேளை அண்ணன் சொல்லித்தான் வரைஞ்சோமோன்னு நானே யோசிக்கேன். என்னையே சந்தேகப்பட வச்சிட்ட. அதுதான் ரொம்ப வலிக்குது.

பேரு என்ன வேணும்னாலும் போட்டுக்கோ. வெடிப்பை எடுக்காத. இனிமே விதி கேட்டு எனக்கு எழுதாத.

முத்துச்செல்வி


கோவில்பட்டி
3-8-1998

அன்புத் தங்கச்சிக்கு,

எழுதாதன்னு சொன்ன பிறகும் எழுதுதேன். விதி கேக்கலை, பயப்படாத.

நீ சுவத்துமேல உக்காந்திருந்தது எனக்கு ஞாபகம் வந்துட்டு. காலை ஆட்டிக்கிட்டே இருப்ப. நீயா வரைஞ்சியா, நான் சொல்லி வரைஞ்சியாங்கது மட்டும் எவ்வளவு முட்டியும் வரமாட்டேங்குது. வந்துட்டுன்னு பொய் சொல்ல மனசில்லை.

வெடிப்போடயே அடிச்சேன். மதுரை அண்ணாச்சி வேண்டாம்னுட்டாரு. ஐந்நூறு பெட்டியும் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு, உன் மதினி ஏசுதா. ஞாயித்துக்கிழமை மேட்ச் நடக்குத இடத்துல கொண்டுபோயி அம்பது வித்தேன். வாங்கினவனெல்லாம் மறுவாரம் வந்து, இதுக்கு என்ன விதி, அதுக்கு என்ன விதின்னு கேக்கான். பாதிக்கு எனக்குப் பதில் தெரியலை. உன்கிட்டயும் கேக்க வழியில்லை.

அதனால மிச்சப் பெட்டிக்கு விதித்தாளை மறுபடி அடிச்சேன். கண்டுபிடிச்சதுன்னு ஒருத்தர் பேரும் போடலை. அடியில மட்டும் ஒண்ணு சேத்திருக்கேன். உன்னைக் கேக்காமச் செஞ்சுட்டேன். பெட்டி ஒண்ணு பார்சல்ல வருது. பாத்துட்டு ஏசு.

அண்ணன் ராமசுப்பு


தாராவி
19-10-1998

அன்புள்ள அண்ணனுக்கு,

பெட்டி வந்து ரெண்டு மாசமாச்சு. "விதியில் சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்கவும்: முத்துச்செல்வி"ன்னு எங்க வீட்டு விலாசத்தையே அச்சடிச்சு வச்சிருக்க. இப்படியும் ஒருத்தன் செய்வானான்னு இருந்துச்சு. பதிலே போடக்கூடாதுன்னுதான் இருந்தேன்.

இதுவரைக்கும் பதினேழு கார்டு வந்திருக்கு. எட்டயபுரம், மணியாச்சின்னு எங்கெங்கயோ இருந்து. "யாருட்டி இந்தச் செண்பகராஜ், உனக்கு எழுதுதான்?"னு அவிய கேக்காவ. எப்போதும்வென்றான் ஊர்ல இருந்து பாண்டியம்மாள்னு ஒரு பிள்ளை, தாயமே விழலைன்னா எவ்வளவு நேரம் உருட்டுததுன்னு கேட்டிருக்கா. நமக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. உனக்குக் கால் கட்டுல கெடந்துச்சு, விழுத வரைக்கும் உருட்டினோம். இவியளுக்கு வேற சோலி இருக்கும்லா? மூணு நாளு யோசிச்சு எழுதிப் போட்டேன். ஆளுக்கு அஞ்சு தடவை உருட்டியும் விழலைன்னா அந்தப் பந்து போச்சு, வேற மணி எடுத்து நடுவுல இருந்து ஆரம்பிக்கணும். இது நான் போட்ட விதி. யாரு போட்டதுன்னு உனக்கும் இதுல சந்தேகம் வராது.

பேரு போடலையேன்னு இன்னும் இருக்கு எனக்கு. ஆனா கார்டு வராத அன்னைக்கு வாசலை வாசலைப் பாக்குதேன். உன்மேல கோவம் போச்சா இல்லையான்னு சரியாச் சொல்லத் தெரியலை.

அடுத்து தாள் அடிக்கும்போது அந்த அஞ்சு தடவை விதியைச் சேத்துரு. பெட்டிக்கு ஒரு மணி கூடுதலாப் போடு. நான் அம்பது கார்டு வாங்கி வச்சிருக்கேன்.

உன் தங்கச்சி,
முத்துச்செல்வி