புல் தின்னாத மட்டாஞ்சேரி ஆடுகள்

மட்டாஞ்சேரி
9-3-1999

என் தங்க மக மஞ்சுஷாவுக்கு அம்மா எழுதுறது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி அனூப்பும் மாரியம்மன் புண்ணியத்துல நல்லா இருக்கோம், அந்த மஸ்கட் வெயில்ல நீயும் ஒரு தலைவலி காய்ச்சல் இல்லாம இருக்கணும். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்னு தெரியும், எனக்கு மலையாளம் பேசத்தான் வரும் எழுத வராது, அதனால ஆஸ்பத்திரி டூட்டி முடிஞ்சு வந்து ஒரு சாயா போட்டு வச்சுக்கிட்டு நிதானமாப் படி. அனூப்புக்கு வெலிங்டன் தீவுல ஒரு குடோன்ல வேலை கிடைச்சிருக்கு. அப்பா கார்ப்பரேஷன்லேர்ந்து ரிட்டயர் ஆனாலும் ஆனார், இப்ப என் அடுக்களைக்கு மேஸ்திரி ஆயிட்டார், குழம்புக்குப் புளி கூடிப்போச்சுன்னு தினம் ஒரு ரிப்போர்ட்.

திருப்பூணித்துறைக்குக் கிழக்கே வீடு கட்டணும்னு நீ வாங்கிப் போட்ட மேட்டு நிலம், அந்தப் பறம்பை வித்துடும்மா, கோடைக்குக் கோடை தீப்பிடிக்கிற காட்டை யாரு காவல் காக்கிறதுன்னு போன கடிதாசில எழுதியிருந்தே. பதில் போடாம இருந்ததுக்குக் காரணம் இருக்கு. போன வருஷம் நம்ம பறம்புல பிடிச்ச தீ அங்கே வேலிக்கு அடுத்த வீட்டு விசாலாக்ஷி சேச்சியோட வைக்கோல் போரைத் தின்னுட்டுப் போச்சே, அதிலேர்ந்து அவங்க நம்ம மூஞ்சியிலயே முழிக்கலை. இந்த மாசி மாசம் அவங்க மக சுமாவுக்குக் கல்யாணம் வச்சிருந்தாங்க, வீட்டு முற்றத்துலேயே, ஓலைப் பந்தல் போட்டு. தை மாசம் நான் பறம்பைப் பார்க்கப் போனப்போ வேலியோரம் நின்னு பொரிஞ்சு தள்ளிட்டாங்க. வராத சொந்தக்காரி, பாம்புக்கும் தீக்கும் குடியிருக்க ஒரு பறம்பு, என் பொண்ணு பந்தல்ல ஒரு பொறி விழுந்தா நான் பஞ்சாயத்துக்குப் போவேன், பேசாம வந்து குடியிருக்கிற யாருக்காவது கொடுத்துடுங்கன்னாங்க. என் வாய்தான் உனக்குத் தெரியுமே, இந்தத் தடவை எங்க பறம்புத் தீ உங்க முற்றத்தைத் தொட்டுச்சுன்னா விக்கச் சொல்லி நானே என் மகளுக்கு எழுதுறேன்னு சொல்லிட்டேன். பஸ் ஏறினப்புறம்தான் ஏண்டா அப்படிச் சொன்னோம்னு இருந்துச்சு. ஏன்னு கேளு. அந்த மண்ணும் போச்சுன்னா நீ இந்தப் பக்கம் திரும்பி வர என்ன இருக்குன்னு எனக்குப் பயம். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அதுதான் பயம்.

சரி, காட்டை வெட்டணும், ஆள் கிடைக்கலை. அப்போதான் உங்கப்பாவுக்கு மகா பெரிய யோசனை உதிச்சுது. நம்ம சந்துல சுத்துற ஆடுங்களைக் கொண்டுபோய் விட்டா ஒரு வாரத்துல மொட்டையடிச்சிடும்னார். ஆட்டுக்காரர் மைதீன் இக்காவும் தலையாட்ட, பெட்டி ஆட்டோவுல ஆடுங்களை ஏத்திக்கிட்டு ஊர்வலமாப் போனோம். அடியம்மா, அதுங்க மட்டாஞ்சேரி ஆடுடி! பொறந்ததிலேர்ந்து செவுத்துப் போஸ்டரும் சாயாக்கடைப் பழத்தோலும் தின்னு வளர்ந்ததுங்க. காய்ஞ்ச புல்லை ஒரு மோப்பம் பிடிச்சுது, நம்ம மூஞ்சியை ஒரு பார்வை பார்த்துது, ரெண்டு ஆடு போய் ரோட்டோரமா படுத்துக்கிச்சு. மிச்சமெல்லாம் வேலிக்குள்ள புகுந்து நேரா சேச்சி வீட்டு வராந்தாவுக்குப் போய், அங்கே அடுக்கி வச்சிருந்த கல்யாணக் கடிதாசியை மொத்தமாத் தின்னுடுச்சு. பேர் எழுதி மஞ்சள் தடவி வச்சிருந்ததும்மா! அந்த அம்மா போட்ட சத்தத்துல ஆடே நடுங்கிப் போச்சு, உங்கப்பா எம்மாத்திரம். கடைசியில அந்தக் கடிதாசி போகவேண்டிய வீட்டுக்கெல்லாம் நானே போய் வாயால அழைக்கிறேன்னு அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். சேச்சியோட அண்ணனைக் கூட்டிக்கிட்டு வெயில்ல வீடு வீடா ஏறி இறங்கினார். எல்லா வீட்லயும் கடிதாசி எங்கேன்னு கேட்க, ஆட்டுக் கதையைச் சொல்லிச் சொல்லி அந்த ஊர்ல அவருக்குப் பேரே ஆட்டுக்காரர்னு ஆகிப்போச்சு.

அப்புறம் என்ன, நாங்களே அரிவாளும் மம்பட்டியுமா இறங்கினோம். மஞ்சு, அந்தக் கம்யூனிஸ்ட் பச்சைன்னு சொல்றாங்களே ஒரு செடி, ஆள் உசரம், காய்ஞ்சு விறகாட்டம் நிக்குது, அதுக்குள்ள முள்ளு. முழுசா வெட்ட முடியாட்டிப் போகுது, சேச்சி வேலியோரம் ஒரு லாரி போற அகலத்துக்குச் செம்மண் தெரியச் சுரண்டிடணும், ஒரு சருகு கிடக்கக்கூடாதுன்னு அப்பா ஒரே பிடி. வெட்டினதை எல்லாம் கீழே வீடு கட்ட வெட்டுகல் வெட்டி எடுத்த பழைய குழியில கொண்டுபோய்த் தள்ளினோம். அனூப் லீவு நாள்ல வந்து, அக்கா அங்கே ஏசியில இருக்கா நான் இங்கே முள்ளு பொறுக்குறேன்னு முனகிக்கிட்டே வேலையை மட்டும் செஞ்சான். என் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். சேச்சி தூரத்துலேர்ந்து பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒருநாள் மட்டும் ஒரு சொம்பு மோரை வேலி மேல வச்சுட்டு உள்ளே போயிட்டாங்க.

கல்யாணத்துக்கு முந்தின நாள் உச்சி வெயில்ல, மேல் பறம்புல யாரோ பீடியைப் போட்டாங்களோ என்னவோ, தீ பிடிச்சு இறங்கிடுச்சு. நாங்க அங்கேதான் மிச்சத்தை வெட்டிக்கிட்டிருந்தோம். அந்தச் சடசட சத்தம் இருக்கே, இன்னும் என் காதுல கேட்குது. நம்ம பறம்போட மேல் பாதியில வெட்டாம விட்டதெல்லாம் பத்திக்கிச்சு. கீழே புதுசா மேஞ்ச பந்தல். சுமா மருதாணிக் கையோட வாசல்ல நின்னு அழறா. ஆட்டுக்காரரோட பறம்புல தீன்னு யாரோ கத்தினாங்க, அவ்வளவுதான், அப்பா ஏறி இறங்கின வீட்லேர்ந்தெல்லாம் குடமும் தீயை அடிக்கப் பச்சை இலைக்கொம்புமா ஜனங்க ஓடி வந்துட்டாங்க. அடிச்சோம், தண்ணி ஊத்துனோம். தீ செம்மண் வரைக்கும் வந்துது, தின்ன ஒண்ணுமில்லாம அங்கேயே அடங்கிடுச்சு. பந்தல்ல ஒரு ஓலைகூடக் கருகலை. நான் அப்படியே மண்ணுல உட்கார்ந்து ஓன்னு அழுதுட்டேன். தீயணைப்பு வண்டி எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து, ஆளுக்கு ரெண்டு கிளாஸ் மோர் குடிச்சுட்டுப் போச்சு.

கல்யாணம் ஜோராயிருந்துச்சு. எங்களை முன்வரிசையில உட்கார வச்சாங்க, அப்பாவுக்குப் பாயசம் மூணு தடவை, சர்க்கரையைப் பத்திப் பேச்சே இல்லை. சுமா கார்ல ஏறிப் போனதும் சேச்சி என் தோள்ல சாஞ்சுட்டாங்க. வீடு காலியாயிடுச்சு காளீன்னாங்க. எனக்கு உன்னை ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்த நாள் ஞாபகம் வந்துடுச்சு, ரெண்டு பேருமா அழுதோம். அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவங்களே சொன்னாங்க, விக்கவேண்டாம், மழை பெஞ்சு புல்லு முளைச்சா என் மாட்டைக் கட்டி மேய்ச்சுக்கிறேன், உன் மக வர்ற வரைக்கும் காடாக விடமாட்டேன், ஆனா சீக்கிரம் வரச்சொல்லுன்னு. அதனால வித்துடுன்னு இனிமே எழுதாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி டூட்டிக்கு வெறும் வயித்தோட போகாதே. மாரியம்மன் உனக்குக் கூடவே துணையிருந்து, எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நூறு வயசு நல்லா இருக்கணும். ஒண்ணு மறந்துடாதே, அடுக்களை எந்தப் பக்கம் வரணும்னு உடனே எழுது. காடு போனப்புறம்தான் இடம் எவ்வளவு பெரிசுன்னே தெரியுது. உங்கப்பா தலைவாசலுக்கு ஒரு குச்சி நட்டுட்டார், அடுக்களைக் குச்சியைக் கையில வச்சுக்கிட்டு, அவ வந்து காட்டட்டும்னு நிக்கிறார்.

உன் வழியையே பார்த்துக்கிட்டிருக்கும்
அம்மா
காளியம்மை