புது மருந்து வந்துவிட்டது, அக்கா

என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்ட மும்தாஜ் அக்காவுக்கு,

கடைசியாக உன்னைப் பார்க்க வந்த அன்று ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "இன்னாடி தேவகி, புதுசு வந்துச்சா?" இன்னும் இல்லை என்றேன். "வந்தா மொதல்ல எனக்குத்தான் சொல்லணும்" என்று விரலை ஆட்டினாய். அந்த விரலில் ஊசிக்குப் போட்ட பிளாஸ்திரி பாதி கழன்று தொங்கியது.

வந்துவிட்டது அக்கா. உன்னிடம் வந்து சொல்ல வழியில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக நம் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நாம் வேலை பார்த்தது கைத்துப்பாக்கிக்குத் தோட்டா செய்யும் கம்பெனியில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை முடிந்து தைல மரங்கள் ஆரம்பிக்கும் இடத்தில், அரசாங்க உரிமத்தோடு நடக்கிறது. துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவர்கள் பயிற்சிக்கு வாங்கும் தோட்டாக்கள் அவை. தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்தை எல்லோரும் மருந்து என்றே சொல்வோம். புதிதாக ஒரு மருந்து வந்தால் அதை நேராக இயந்திரத்தில் கொட்டிவிட முடியாது. முதலில் கையால் நிரப்பிப் பார்க்க வேண்டும். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கொடுக்கும் ப்ரைமர், உள்ளே நிறுத்துப் போட்ட மருந்து, வாயில் குண்டு. இரும்புத் தாங்கியில் பூட்டிய துப்பாக்கிக்குள் அதைப் போட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சுட்டால், குண்டு போன வேகம் திரையில் எண்ணாக வரும். நிரப்புவது, சுடுவது, அந்த எண்ணைப் பார்த்து வாயைப் பிளப்பது. இதுதான் நம் இரண்டு பேர் வேலை.

பழைய மருந்துக்கு நீ 'கசகசா' என்று பெயர் வைத்திருந்தாய். நம் சூப்பர்வைசர் சேகர் சார்கூட மேனேஜர் முன்னால் ஒருமுறை கசகசா என்று சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கசகசா வருவது அடியோடு நின்றுபோனது. புது டப்பாவைத் திறந்ததும் நகப்பூச்சு மாதிரி ஒரு வாசனை அடித்தது. உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் பொடிப்பொடித் தகடுகள், மினுமினுவென்று. உன் இடத்துக்கு வந்திருக்கும் லட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, "எறும்பு ஊட்டுக் கல்யாணத்துக்கு அவல் வாங்கினாப்ல கீதே" என்றாள். ஆரம்பாக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு. உனக்குப் பிடித்திருக்கும்.

முதல் நாள் சுட்டபோதே எண்கள் தகராறு செய்தன. கசகசாவில் எண்கள் ஒன்றையொன்று ஒட்டியே வரும். இதில் ஒன்று துள்ளியது, அடுத்தது சோர்ந்தது. சேகர் சார் பின்னால் வந்து நின்றார்.

"எடை சரியாத்தான போட்டீங்க?"

"ரெண்டு பேருமே பாத்துத்தான் சார் போட்டோம்."

"சப்ளையர் ஆளு நாளைக்கி வராரு. நாம ஓகேன்னா அடுத்த வாரமே மிஷின் ஓடும். இல்லாங்காட்டி எப்போன்னு எனக்கே தெரியாது."

மிஷின் ஓடாததால் பேக்கிங்கில் இருந்த ஒப்பந்த ஆட்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் உன் தங்கச்சி ஷமீமும் ஒருத்தி. நீ போன பிறகு வீட்டுக்கு அவள் சம்பளம்தானே? மாலையில் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். "அக்கா, இன்னிக்காச்சும் முடிஞ்சிதா? ஊட்ல சும்மா குந்திகினு ஒரே பேஜாரா கீது." நாளைக்குச் சொல்கிறேன் என்று பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் மிச்சமிருந்த தோட்டாக்கள் சிலவற்றைப் பிரித்து மருந்தை மறுபடி நிறுத்தோம். எடையில் குறையே இல்லை. அப்படியானால் வேறென்ன? குண்டா, கூடா, ப்ரைமரா? மூன்றும் போன மாதம் வரை ஒழுங்காக இருந்தவை. எனக்குப் பசிகூட மறந்துபோனது. லட்சுமி நாஷ்டா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறாயா இல்லையா என்று இரண்டு முறை கூப்பிட்டாள்.

ஒரு தோட்டாவைக் காதருகே ஆட்டினேன். கிலுகிலுவென்றது. கசகசா இவ்வளவு சத்தம் போடாது. இந்த மருந்துக்கு வீரியம் அதிகம், அதனால் கொஞ்சமாகத்தான் போடுகிறோம். கூட்டுக்குள் பாதிக்கு மேல் காலி. அந்தக் காலி இடத்தில் மருந்து எங்கே வேண்டுமானாலும் ஓடலாம் இல்லையா?

அப்போதுதான் லட்சுமியின் கையைப் பார்த்தேன். அவள் தோட்டாவை எடுத்துக் கொடுக்கும்போது குண்டு கீழே பார்த்தபடி பிடிப்பாள். நானே எடுத்தால் குண்டு மேலே பார்த்தபடி இருக்கும். முதல் நாள் இரண்டும் கலந்து நடந்தது. நீ இருந்திருந்தால் ஒரு நாள் முன்னாலேயே கேட்டிருப்பாய். "அப்போ தலைகீழா புடிச்சி வச்சா இன்னா ஆவும்?" எதற்கும் தலைகீழாக ஒரு கேள்வி உன்னிடம் இருக்கும். புளியே போடாவிட்டால் மீன் குழம்பு என்ன ஆகும் என்று பார்க்க ஒரு சட்டி வைத்து, அதை நம் எல்லோரையும் தின்ன வைத்தவள் அல்லவா நீ.

சப்ளையர் ஆள் வந்தபோது சேகர் சாரிடம் சொன்னேன். ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, "வா, சுட்டுப் பாத்துடலாம்" என்றார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது என்று குரலிலேயே தெரிந்தது.

குண்டு மேலே பார்க்கத் தூக்கிப் பிடித்து, மருந்தெல்லாம் ப்ரைமர் பக்கம் இறங்கிய பிறகு, ஆடாமல் படுக்கவைத்துத் துப்பாக்கிக்குள் போட்டோம். எண் ஏறியது. அடுத்ததும் ஏறியது. அதற்கடுத்ததும். பிறகு குண்டு கீழே பார்க்கப் பிடித்துப் போட்டோம். எண் இறங்கியது. தொடர்ந்து இறங்கியே வந்தது. நேற்றுக் கந்தல் மாதிரி கிடந்த எண்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து தனித்தனியாக நின்றன. நான் கைதட்டிவிட்டேன் அக்கா. லட்சுமி என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அந்த நிமிஷம் நீ அங்கே இல்லையே என்று எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது?

சப்ளையர் ஆள் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லா மருந்தும் கொஞ்சம் அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். அதுவும் பொய்யில்லை. சேகர் சார் நிஜமான கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்கு நடந்தார். போட்டியில் நிற்கிறவர்கள் செய்வதுபோல முனையைக் கீழே சாய்த்து வைத்திருந்து, மெதுவாக உயர்த்திச் சுட்டார். மருந்து குண்டுப் பக்கம் ஓடிவிட்டதால் வேகம் போதாமல், இரண்டாவது முறையே காலிக் கூடு வெளியே தெறிக்காமல் பாதியில் மாட்டிக்கொண்டது. அதைப் பக்குவமாக எடுத்துவிட்டு அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார். "சார், ஒரு வருஷம் பிராக்டீஸ் பண்ணிட்டு வந்து நிக்கிறவன் இத வச்சிகினு இன்னா பண்ணுவான்?"

அந்த மனிதர் துப்பாக்கியை வாங்கித் தானும் ஒருமுறை அப்படியே சுட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதே மருந்துல பெரிய தகடா ஒண்ணு இருக்கு. கூட்டுல நல்லா எடம் புடிக்கும். அத அனுப்பறேன். ஆனா நாளாகும்."

நாளாகும் என்ற பிறகுதான் ஷமீம் நினைவுக்கு வந்தாள். அதுவரை, சத்தியமாக, எண்களைத் தவிர எதுவும் என் மண்டையில் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் அவளிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "உனுக்கு இன்னாக்கா, நீ பர்மனென்ட்டு. கொஞ்சம் மின்ன பின்ன போனா இன்னா? குண்டு போவுதா இல்லியா? எங்க அக்காவா இருந்திருந்தா ஓகே பண்ணிட்டிருக்கும்." சொல்லிவிட்டு பழவேற்காடு பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீ ஓகே பண்ணியிருப்பாயா? போகும் வழியெல்லாம் யோசித்தேன். உன் தங்கச்சிக்காக மனசு அடித்துக்கொண்டிருக்கும், அது தெரியும். ஆனால் தலைகீழாகப் பிடித்தால் வேறு எண் வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு உன்னால் சும்மா இருந்திருக்க முடியுமா? நீயே சொல்.

மழை ஆரம்பித்தபோது அடுத்த டப்பா வந்தது. தகடுகள் பெரியவை. கூட்டில் மேல்வரை ஏறி உட்கார்ந்தன. ஆட்டினால் சத்தமே எழவில்லை. மேலே பிடித்துச் சுட்டோம், கீழே பிடித்துச் சுட்டோம். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. சின்ன வித்தியாசம் இன்னும் இருக்கிறது. அது ஏன்? மருந்து பற்றிக்கொள்ளும் விதமா? சித்திரை வெயிலில் சூடேறினால் அது கூடுமா, குறையுமா? சேகர் சாரைக் கேட்டால், "வெயிலு வரட்டும், பாப்போம்" என்று சிரிக்கிறார். ஆனால் மருந்து தேறிவிட்டது. மிஷின் ஓடப்போகிறது.

ஷமீமுக்குப் போனில் சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கே போனேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "வந்துடுச்சா? ஓகேவா?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு டீ போட ஓடினாள்.

கட்டிலில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த உன் அம்மா என்னைப் பக்கத்தில் அழைத்தார்.

"புது மருந்து நல்லா வேலை செய்யுதாம்மா?"

"செய்யுதும்மா. இப்பத்தான் ஒரு வழியா சரியாச்சி."

"யாருக்குக் குடுத்துப் பாத்தீங்க?"

எனக்கு முதலில் பிடிபடவில்லை. அவரே தொடர்ந்தார். "கொஞ்சம் மின்னாடியே வந்திருந்தா மும்தாஜுக்கும் குடுத்திருப்பீங்க இல்ல?"

டீ டம்ளர்களோடு வந்த ஷமீம் அப்படியே நின்றுவிட்டாள். சொல்லாதே என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மருந்து கம்பெனியில் வேலை என்று நீ சொல்லிவைத்ததை அவளும் கட்டிக் காத்துவந்திருக்கிறாள். அம்மா பயப்படக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பாய். ஆனால் அக்கா, நீ படுத்திருந்த மாதங்களில் புதுசு வந்துச்சா, வந்துச்சா என்று கேட்டாயே, அதை அவர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான் ஷமீமின் பேச்சைக் கேட்கவில்லை. உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, இது உடம்புக்குக் குடுக்கற மருந்து இல்ல. துப்பாக்கியில போடறது. போட்டியில சுடுவாங்களே, அவங்களுக்கு."

அவர் என்னையே பார்த்தார். உருட்டிக்கொண்டிருந்த மணி விரலில் நின்றது.

"அப்போ, அது எப்போ வந்திருந்தாலும் எம் பொண்ணு பொழைச்சிருக்க மாட்டா?"

"மாட்டாம்மா."

தஸ்பீஹை மடியில் வைத்தார். பிறகு ஒரு பெரிய மூச்சு விட்டார். "லேட்டாயிடுச்சே, லேட்டாயிடுச்சேன்னு இத்தினி நாளா மனசு கெடந்து அடிச்சிகினு இருந்துச்சிம்மா. அப்ப சரி." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "துப்பாக்கின்னா சத்தம் வருமே. அவ பயந்தாளா?"

"ஒவ்வொரு தபாவும் கண்ண இறுக்க மூடிக்கும்மா. ஆனா எண்ணைப் பாக்க மொதல்ல ஓடுறதும் அதுதான்."

உன் அம்மா சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஷமீம் டீயைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

இனிமேல் உன் அம்மா என்ன கேட்டாலும், எத்தனை கேட்டாலும், உள்ளதை உள்ளபடியே சொல்வேன் அக்கா. உனக்குச் சொல்ல வேண்டியதையும் சேர்த்து அவரிடமே போய்ச் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

வேறு வயிற்றில் பிறந்தாலும் உனக்குத் தங்கச்சியான,
தேவகி