ரத்தம் பட்டால் இறுகும் பசை

அப்பாவுக்கு,

"அன்புள்ள" என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம் தணிந்ததும் சேர்த்துக்கொள்கிறேன். போனில் என்னைப் பேசவே விடமாட்டீர்கள், அதனால்தான் கடிதம்.

நேற்று நீங்கள் போனில் அம்மாவிடம் கத்தியது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த தம்பிக்கும் கேட்டது. "முப்பது வருஷமா மரத்துல பசை போடுறேன். ஈரம் பட்டா எந்தப் பசையும் விட்டுடும். ரத்தம் ஓடுற இடத்துல பசையா? கையெழுத்துப் போடாத." அம்மா பேனாவை மூடிவிட்டாள். தம்பி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

இது உங்கள் பட்டறைப் பசை இல்லை. நானே டாக்டரிடம் கேட்டேன். தம்பியின் மூளையில் ரத்தக் குழாய்கள் பிறவியிலேயே சிக்கலாகப் பின்னிக் கிடக்கின்றன. அங்கே கசிந்துதான் அவனுக்கு வலிப்பு வந்தது. தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக நூல்போன்ற குழாயை மூளைவரை செலுத்தி, அந்தச் சிக்கலைப் பசையால் அடைப்பார்கள். ரத்தம் பட்டால்தான் அது இறுகும். வழியிலேயே இறுகிவிடாமல் இருக்க, குழாயை முதலில் சர்க்கரைத் தண்ணீரால் கழுவுவார்களாம்.

"உங்கப்பா கேட்டது நல்ல கேள்விதாம்மா. என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார் டாக்டர். எனக்கு அவமானமாக இருந்தது. ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை. சும்மா விடுவது அதைவிட ஆபத்து என்றார்.

பசை இறுகும்வரை பலகையிலிருந்து கையை எடுத்தால் எங்களை எப்படித் திட்டுவீர்கள்! அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தம்பியை உள்ளே கொண்டுபோக வேண்டும். கதவுவரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க நீங்கள் எங்கே, அப்பா?

கோபத்துடன்,
உங்கள் மூத்தவள்