எண் இல்லாத பிரதி

நண்பா,

இன்று காலை மை டப்பாவைத் திறந்ததுமே அந்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உன் கடைசி மரப்பலகையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு உன் மனைவி வந்திருந்தார். பேரிகை ஊர்ச் சந்தையை நீ செதுக்கிய பலகை. பத்துப் பிரதிகளில் ஏழுதான் எடுத்திருந்தாயாம். "மிச்சம் மூணயும் நீங்களே எடுத்துக் குடுங்கண்ணா" என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த நாம் எட்டுப் பேர் மரச்செதுக்கு ஓவியர் சங்கம் என்று பெயர்ப்பலகை மாட்டினோம். பெயர்தான் பெரிது, ஒரு அச்சு மிஷின்கூடக் கிடையாது. கம்பெனிக்கு மிஷின்கள் வந்திறங்கிய பெட்டிகளின் பலகையில் செதுக்கி, மை தடவி, தாளை மேலே விரித்து, கேன்டீன் கரண்டியின் முதுகால் தேய்த்தே பிரதி எடுத்தோம். பத்து எடுத்து எண்ணும் கையெழுத்தும் போட்டதும் பலகையின் குறுக்கே உளியால் ஒரு கோடு கிழித்துவிட வேண்டும். இனி அதில் யாரும் பிரதி எடுக்கக் கூடாது. செயலாளரான நீ இதில் மட்டும் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டாய்.

என் அம்மாவின் முகத்தைச் செதுக்கியபோது, பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்டாரே என்று, கோடு கிழிக்கும் முன் திருட்டுத்தனமாகப் பதினோராவது எடுத்து அதற்கும் பத்து என்றே எண் போட்டேன். நீ கண்டுபிடித்து அதைப் பிடுங்கிக்கொண்டாய். சந்தோஷமாக இருந்தால் தெலுங்கு பேசுகிறவன் நீ, அன்று முழுக்கத் தமிழிலேயே என்னைத் திட்டினாய்.

"பத்துதான்னு கையெழுத்துப் போட்டது நீதானடா? வாங்குனவங்க மூஞ்சில எப்படிடா முழிப்ப?"

விஷயம் சங்கத்துக்கே தெரிந்திருக்கும் என்று கூசிப்போய் இரண்டு ஞாயிறு நான் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு நீயே என் அறைக்கு வந்தாய். ஒருவரிடமும் நீ மூச்சு விட்டிருக்கவில்லை. அந்தப் பிரதியில் பென்சில் எண்ணை அழித்துவிட்டு நீட்டினாய். "விக்காத. அம்மாவுக்குக் குடு."

அம்மா இருந்தவரை அது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. வீம்பில் அன்று நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், நண்பா.

இன்று எட்டு, ஒன்பது, பத்து எடுத்து முடித்தேன். எண் மட்டும் போட்டுக் கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டேன். உளியை எடுத்ததும் உன் மனைவி பதறிவிட்டார். "அவரு கையால செதுக்கினதுண்ணா. இதயும் கிழிக்கணுமா?"

உளியை வைத்துவிட்டு இன்னொரு தாளை விரித்து, கரண்டியால் நிதானமாகத் தேய்த்தேன். எண் போடவில்லை.

"இது உங்களுக்கும்மா. விக்கிறதுக்கில்ல."

பிறகு உன் பலகையின் குறுக்கே கோடு கிழித்தேன். நேராகத்தான் விழுந்தது.