இடது பின்விளக்கு

அண்ணா,

இன்று காலை பாலக்கரை பெட்ரோல் பங்கில் உன் காரால் மானம் போயிற்று. பெட்ரோல் போடுகிறவர் குழாயைக் கையில் பிடித்தபடி வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். இரண்டு பக்கமும் தடவினார், குனிந்து அடியிலும் பார்த்தார்.

"மூடியையே காணோமேம்மா! இது தண்ணியில ஓடுற வண்டிங்களா?"

பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த இவர், உங்கள் வீட்டுச் சொத்து, நீயே இறங்கு என்பதுபோல என்னைப் பார்த்தார். இறங்கிப் போய் இடது பின்விளக்கைத் திருகி இழுத்தேன். விளக்கு அப்படியே கீழே மடிந்தது. உள்ளே மூடி. பெட்ரோலும் பழைய கிரீஸுமாக ஒரு வாசனை முகத்தில் அடித்தது. ஐந்து வருஷத்து எரிச்சல் மொத்தமும் அதோடு சேர்ந்து வந்தது.

அந்த ஐம்பத்தாறாம் வருஷச் செவர்லே நம் கொல்லைக்கு வந்தபோது நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷ மாடலில்தான் பெட்ரோல் மூடி இடது பின்விளக்குக்குள் ஒளிந்திருக்கும் என்றாய். முந்தின வருஷ வண்டிக்குப் பக்கவாட்டில் சின்னக் கதவு. அடுத்த வருஷ வண்டிக்கு வால் நுனியின் வெள்ளிப் பட்டைக்குப் பின்னால். பரீட்சையில் இதைக் கேட்டிருந்தால் நான் நூற்றுக்கு நூறு. உனக்கு முன்னால் அதை வைத்திருந்த மகானுபாவருக்கு இந்தக் கண்ணாமூச்சி பிடிக்கவில்லை போலிருக்கிறது. பக்கத் தகட்டில் ஓட்டை போட்டு மூடியை அங்கே மாற்றிவிட்டு, விளக்கு இருந்த இடத்தில் ஒரு லாரி விளக்கை மாட்டியிருந்தார். எஞ்சின் நன்றாகவே ஓடியது. நீதான் ஓட்டவில்லை. சரியான விளக்கு கிடைக்கிறவரை வண்டி கொல்லையைத் தாண்டாது என்றாய். அம்மா அதன் மேல் அப்பளம் உலர்த்தினாள்.

"வண்டிக்குப் பின்னாடி போய் யாருடா பாக்கப் போறா?" என்று கேட்டாள்.

"நான் பாப்பேனே."

எனக்கு வேறு பதில் வைத்திருந்தாய். "பழைய புஸ்தகக் கடையில முதல் பதிப்பு கெடைச்சா கண்ணுல ஒத்திக்கறயோல்லியோ? அதுக்கு வேற அட்டையைப் போட்டுக் குடுத்தா சம்மதிப்பியா?" சம்மதிக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதுவும் எரிச்சல்தான்.

என் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், சித்திரை வீதியில் மேளம் முழங்க, மாப்பிள்ளை ஊர்வலத்து ஜானவாசக் கார் மண்டப வாசலுக்கு வந்தது. நான் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். நீ காரைப் பார்த்த பார்வையிலேயே இனி மாப்பிள்ளை உன் கண்ணில் படமாட்டார் என்று தெரிந்துவிட்டது. 

"இது தெறந்த காராப் பொறந்ததில்லை. கூரையை அறுத்திருக்கா. நாலு கதவு இருக்கு பாருங்கோ. முன்னாடி கம்பி வலை சின்னது, அம்பத்தஞ்சு மாடல்" என்று பக்கத்தில் இருந்தவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே பின்னால் போனாய். மல்லிகைச் சரத்தை விலக்கினாய். அப்புறம் அசையவே இல்லை. யாரோ, எங்கிருந்தோ கொண்டுவந்து, தகட்டை வெட்டிப் பொருத்தியிருந்த இடது பின்விளக்கு. நீ தேடிய அதே ஐம்பத்தாறாம் வருஷ விளக்கு.

சித்தப்பா கத்தினார். "டேய், மாப்பிள்ளையை எறக்கி அழைச்சிண்டு வாடான்னா வண்டியை மோந்து பாத்துண்டிருக்கியே!"

"மாப்பிள்ளை எங்கயும் போகமாட்டார் சித்தப்பா. வண்டி காலம்பற போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள், இவர் உட்பட. நான் சிரிக்கவில்லை.

டிரைவரிடம் பேசி முடித்துவிட்டாய். உன் லாரி விளக்கை அதில் மாட்டிக் கொடுத்துவிட்டு அந்த விளக்கை நீ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காலை எட்டரைக்குள் முடிக்க வேண்டும், வண்டி மணப்பாறைக் கல்யாணத்துக்குப் போகிறது. என் முகூர்த்தம் ஏழரைக்கு.

தாலி கட்டும்போது இருந்தாய். அதற்கப்புறம் காணோம். வாத்யார், "பொண்ணோட சகோதரர் எங்கே? பொரியிட வாங்கோ" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். சித்தியின் பிள்ளையை இழுத்து வந்து நிறுத்தினார்கள். அவன் என் கையில் முதல் பிடி போட்டு, நாங்கள் அக்னியை ஒரு சுற்று வந்ததும் நீ ஓடி வந்தாய். மடித்துக் கட்டிய வேஷ்டி, இரண்டு கையும் கறுப்பு.

"கை அலம்பிண்டு வாங்கோ" என்றார் வாத்யார்.

போனாய். இரண்டாவது சுற்று முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. நீ வரவில்லை. பொரி உன் கையிலிருந்துதான் என் கைக்கு வரும் என்று சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. இதையெல்லாம் சொல்லவா வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து என் வீட்டுக்கு பஸ்ஸில் வந்தாய். "விளக்கு மாட்டியாச்சு. ஓட்டையையும் அடைச்சாச்சு. முதல் சவாரி உனக்குத்தான், வா."

"பொரியிட்டவனை அழைச்சிண்டு போ."

"சரி" என்றாய். காபியைக் குடித்தாய். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். ஒரு மனிதர் இரண்டாம் முறை கூப்பிட மாட்டாரா? கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லவும் முடியவில்லை.

போன ஐப்பசியில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகுதான் அம்மா சொன்னாள். அந்த வண்டியை நீ கொல்லையை விட்டு வெளியே எடுக்கவே இல்லையாம். வாரம் ஒருநாள் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு அணைப்பாயாம். கேட்டால், "அவ வரட்டும்" என்பாயாம். விளக்குக்கு ஆறு வருஷம் காத்திருந்தவன், எனக்கு ஐந்து. உன்னை என்ன செய்வது?

போன வாரம் அம்மா வண்டியை லாரியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பினாள். இன்று அந்த முதல் சவாரி ஆயிற்று. பங்கிலிருந்து காவிரிப் பாலம் ஏறி அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை அலம்பினேன். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. சிகைக்காய் போட்டுத் தேய்த்தேன். இன்னும் ஒரு தடவை. போகவில்லை. ஒரு விளக்கைத் திறந்து மூடினதற்கே இவ்வளவு. அன்றைக்கு நீ மண்டபத்துக் கிணற்றடியில் நின்று எவ்வளவு நேரம் தேய்த்திருப்பாய்? உள்ளே மேளம் வேறு கேட்டிருக்கும்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதும் கை மணத்தது. "இன்னொரு தடவை அலம்பிக்கோயேன்" என்றார் இவர்.

இருக்கட்டும் என்றேன்.